பூட்டுக்காரரின் சுண்டுவிரல்

விரல் வைத்தால் திறக்கும் பூட்டுகளை வீடுகளுக்கும் அலுவலகங்களுக்கும் மாட்டிக் கொடுப்பதுதான் பூட்டுக்காரருக்குப் பதினோரு வருடமாகப் பிழைப்பு. அதிகம் பேசமாட்டார். ஆளுக்கு இரண்டு விரலைப் பதியச் சொல்வார். ஒன்றில் காயம் பட்டால் மற்றது இருக்க வேண்டும் என்பார். வீட்டுக்காரர்களின் விரலைப் பதியும் முன் தன் இடது சுண்டுவிரலைப் பதிந்து, பத்து முறை திறந்து மூடிப் பார்ப்பார். புறப்படும்போது அதை அழித்துவிடுவார்.

அன்று மதியம் சாப்பிட உட்கார்ந்தவருக்கு முதல் கவளத்திலேயே கை நின்றுவிட்டது. காலையில் போன வீட்டில் அழிக்கவில்லை. ஓய்வு பெற்ற நர்ஸம்மா தனியாக இருக்கும் மாடி வீடு அது. காலமெல்லாம் மருந்தும் சோப்பும் பட்டுத் தேய்ந்த அவர் ரேகையைப் பதியவே ஒரு மணி நேரம் ஆனது. அந்தச் சிரமத்தில் தன் விரலை மறந்துவிட்டார்.

"சாப்பிட்டுட்டுப் போங்களேன், விரல் என்ன எழுந்து ஓடியா போயிடும்?" என்றாள் மனைவி.

"அடுத்தவங்க வீட்டுக் கதவு என் விரலுக்குத் திறக்குது. எனக்கு எப்படி இறங்கும்?"

இந்தத் தொழிலில் ஒரு வீட்டுக்குச் சந்தேகம் வந்தால் போதும், ஊரே கதவைச் சாத்திவிடும். போய் மணியை அடித்தார். நர்ஸம்மா திறந்ததும், தலையைக் குனிந்தபடி நடந்ததைச் சொன்னார்.

நர்ஸம்மா கோபப்படவில்லை.

"அது இருந்துட்டுப் போகட்டும் தம்பி. நான் குளியலறையில வழுக்கி விழுந்தா, யாராவது ஒருத்தர் உள்ள வரணும்ல?"

வெளிநாட்டில் இருக்கும் மகன் காவலுக்கென்று வாங்கி அனுப்பிய பூட்டு அது. திருடனுக்குப் பயந்து வைத்ததாகத்தான் பூட்டுக்காரரும் நினைத்திருந்தார்.

தன் வீடு ஊரின் மறுகோடியில் இருப்பதையும், வந்து சேரவே முக்கால் மணி நேரம் ஆவதையும் மெல்ல எடுத்துச் சொன்னார். பக்கத்திலேயே இருக்கும் ஒரு விரல்தான் உதவும் என்றார். யார் இருக்கிறார்கள் என்று கேட்டதும் நர்ஸம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். எதிர்வீட்டுத் தையல்காரியோடு மூன்று வருடமாகப் பேச்சில்லையாம். கொடியில் போட்ட ஈரத்துணி சொட்டியதில் வந்த சண்டை.

பூட்டுக்காரர் தன் விரலை அழித்தார். மறுபடி வைத்துக் காட்டினார். சிவப்பு விளக்குதான் எரிந்தது. பிறகு என்ன தைரியத்திலோ எதிர்க்கதவைத் தட்டி, விஷயத்தைத் தையல்காரியிடமே சொன்னார்.

கழுத்தில் அளவு நாடாவோடு அவள் வந்தாள். நர்ஸம்மாவைப் பார்க்காமல் ஆள்காட்டி விரலை நீட்டினாள். ஊசி குத்திக் குத்தி அது சொரசொரப்பாகியிருந்தது. நான்கு முறை வைத்தும் பூட்டு ஏற்கவில்லை. அவள் கையை இழுத்துக்கொள்ளப் போனாள். நர்ஸம்மா அந்தக் கையை எட்டிப் பிடித்து, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"இதுக்கு எண்ணெய் தடவ மாட்டியா நீ? மோதிர விரலை வை."

வைத்தாள். பச்சை விளக்கு எரிந்து கதவு திறந்தது. தையல்காரி வாசலிலேயே நின்றாள்.

"உள்ள வரட்டுமாக்கா?"

"திறந்தாச்சு, அப்புறம் என்ன கேள்வி?"

இரண்டாவது விரலை இன்னொரு நாள் பதிந்துகொள்ளலாம் என்று, பூட்டுக்காரர் பையை எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் படி இறங்கினார்.