விளக்கு அணையும்வரை

இடி இடித்தால் ஓடிப்போய் மெயின் சுவிட்சை இறக்கிவிடுவேன். சென்ற ஐப்பசியில் அப்படி இறக்கியபோது, மகள் விட்டுப்போன வீடியோ கேம் பெட்டியில் ஹார்ட் டிஸ்க் ஓடிக்கொண்டிருந்தது. அந்த விளையாட்டில் என் மனைவி நாற்பத்தொரு நாள் வளர்த்த தோட்டம் அழிந்துபோனது. அவள் திட்டவில்லை. இரண்டு நாள் பெட்டிப் பக்கமே போகாமல் இருந்துவிட்டு, முதலிலிருந்து நட ஆரம்பித்தாள்.

நேற்று மதியம் விளையாட்டை அப்படியே விட்டுவிட்டு அவள் மொட்டைமாடிக்குத் துணி எடுக்கப் போனாள். காமயகவுண்டன்பட்டிப் பக்கம் இடித்தது. என் கை மெயினுக்குப் போய்விட்டது. ஆனால் இறக்கவில்லை. சேவ் செய்து, பெட்டியை அணைக்கும் கட்டளையைக் கொடுத்தேன். அதன் விளக்கு அணைந்தால்தான் டிஸ்க் நின்றதாக அர்த்தம் என்று மகள் சொல்லியிருந்தாள். முப்பத்தேழு எண்ணியபோது அணைந்தது. அதற்குள் நான்கு இடி.

“இந்தத் தடவையும் போச்சா?” என்று கேட்டுக்கொண்டே அவள் இறங்கி வந்தாள்.

“இல்ல. லைட்டு அணைஞ்ச பெறகுதான் மெயின இறக்குனேன்.”

“இடிக்குக் கட்டிலுக்கடியில போற ஆளு! அம்புட்டு நேரமும் அங்கனயேவா நின்னீக?”

“முப்பத்தேழு எண்ணுற வரைக்கும்.”

துணியைக் கீழே போட்டுவிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டாள்.