காட்டு ராணியின் கறுத்த கை

மழைக்காலத்தில் நமுத்துப்போன காகிதத்தின் வாடை... பர்மாவில் எங்கள் லத்தா பேட்டைத் தெருமுனையில் இருந்த வாடகைப் புத்தகக் கடையை நினைத்தாலே அதுதான் மூக்கில் ஏறுகிறது. அந்தக் கடை பெஞ்சில் நானும் செல்வி அக்காவும் ஒரே புத்தகத்தில் தலையை நுழைத்துக்கொண்டு காட்டு ராணி காமிக்ஸ் படிப்போம்.

இடுப்பில் புலித்தோல், கையில் ஈட்டி, முதலை முதுகில் சவாரி... அம்மாடி, என்ன ஒரு பொம்பளை!

விமானம் விழுந்து காட்டில் தனியாகக் கிடந்த குழந்தையை யானைகள் வளர்த்தனவாம். நாள் முழுக்க வெயிலில் திரிகிறவள், ஆனால் தோல் மட்டும் அரிசிமாவு நிறம். அவளைக் கண்டு அலறி ஓடுகிற காட்டு ஜனங்கள் எல்லாம் கறுப்பு. சுருட்டை முடி, மூக்கில் எலும்பு. யார் அந்தக் காட்டிலேயே பிறந்தவர்கள், யார் வந்து விழுந்தவள் என்று ஒருத்தருக்கும் கேள்வி கிடையாது.

எனக்கு அப்போது அது உறைக்கவில்லை. தெருப் பிள்ளைகளுக்கு நன்றாக உறைத்திருந்தது. விளையாட்டில் ராணி வேஷம் எப்போதும் எதிர்வீட்டு வெள்ளைத்தோல் பெண்ணுக்குத்தான். மரமேறத் தெரியாது, ஓடத் தெரியாது, ஆனாலும் ராணி! "நீங்க ரெண்டு பேரும் காட்டுமிராண்டி. ஓடுங்க, ஓடுங்க" என்று எங்களை விரட்டுவார்கள். நாங்களும் ஓடுவோம். நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

சில வருஷம் கழித்து அந்த காமிக்ஸை வீடியோ படமாக எடுத்தார்கள். த்வாண்டே கால்வாய்க் கரையில் ஷூட்டிங். அங்கே நெல் போட்டுக்கொண்டிருந்த எங்கள் சித்தப்பா வீட்டுக்கு நாங்கள் லீவுக்குப் போயிருந்தோம். அக்கா வளர்ந்த பெண். அந்தக் கால்வாயில் அவளை நீச்சலில் ஜெயிக்க ஆள் இல்லை. படத்து ராணிக்கோ தண்ணீர் என்றாலே நடுக்கம்.

டைரக்டர் சித்தப்பாவைத் தேடி வந்தார், பர்மியர்கள் பெரியவர்களுக்குச் சேர்க்கும் 'ஊ' மரியாதையெல்லாம் போட்டுப் பேசினார்.

"ஊ ராமு, உங்க வீட்டுப் பொண்ணு கிளையிலேருந்து நல்லா குதிக்குமாமே. எங்க ராணிக்குப் பதிலா ஒரு குதி குதிக்கட்டும்."

சித்தப்பா வாயைத் திறப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டாள். "என் மூஞ்சி தெரியுமா சயா?" சயா என்றால் இங்கே சார் மாதிரி.

"தெரியும், தெரியும். கரையேறும்போது க்ளோசப் வைக்கிறேன்."

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவள் போனாள்.

நிறத்துக்கு என்ன செய்தார்கள் தெரியுமா? தனாக்கா! இந்த ஊரில் எல்லாரும் கன்னத்தில் பூசுகிற அதே வெளிர்மஞ்சள் மரப்பட்டைச் சாந்து. ஒரு சட்டி நிறைய அரைத்து, கழுத்திலிருந்து கால்வரை அப்பினார்கள். காயவிட்டார்கள். குதிக்கச் சொன்னார்கள். தண்ணீரில் விழுந்ததும் அத்தனையும் கரைந்துபோய், கரையோரக் கிளையைப் பிடித்து ஏறிய கை அவள் சொந்தக் கையாக வந்தது.

"கட்! கலாமா கறுத்துட்டா!"

நம் இந்தியப் பெண்களை மட்டம் தட்டுகிற அந்தச் சொல்லைக் கேட்டு யூனிட்டே சிரித்தது. அடேய், தண்ணீரில் குதித்தால் தனாக்கா கரையும் என்று பச்சைப் பிள்ளைக்கும் தெரியுமே! மறுபடி பூச்சு, மறுபடி வெயில், மறுபடி குதி. பொழுது சாயும்வரை இதே கூத்து. அவள் தோல் வறண்டு வெடித்தது.

"அக்கா, போதும் வா, வீட்டுக்குப் போலாம்" என்று அழுதேன்.

"சும்மா இருடி. மூஞ்சி வரும்னு சொல்லிருக்காரு."

வெளிச்சம் போய்விட்டது. கடைசியாக எடுத்ததை வைத்துக்கொண்டு மூட்டை கட்டிவிட்டார்கள். க்ளோசப்பாவது, மண்ணாவது!

படம் வந்தபோது குடும்பமே புதுத்துணி போட்டுக்கொண்டு வீடியோ கொட்டகைக்குப் போனோம். குதிக்கிற முதுகு... தண்ணீர்... கிளையைப் பற்றும் ஒரு கறுத்த கை... அடுத்த நொடி ராணியின் வெள்ளை முகம், தலைமுடியில் ஒரு சொட்டு ஈரம்கூட இல்லாமல். கொட்டகை சிரித்தது. அக்கா என் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"பாருடி, என் கை!"

அவ்வளவுதான் அவளுக்குக் கிடைத்தது. அதையே கல்யாணத்துக்குப் பிறகு டேப்பை வாடகைக்கு எடுத்து மாமாவுக்குக் காட்டினாள். லைங் தாயாவில் தையல் ஃபேக்டரிக்குப் போன பிறகு கூட வேலை செய்கிற பெண்களுக்குச் சொன்னாள். "கையாவது வந்துச்சே" என்பாள்.

போன வாரம் ஃபேஸ்புக்கில் ஏதோ பேஜ்காரர்கள் அந்தப் படத்தைப் பளபளவென்று புதுசாக்கிப் போட்டிருந்தார்கள். கீழே ஒரே ஹார்ட் மழை. "நம்ம ராணி டூப் இல்லாம குதிச்சாங்க, இப்ப யாரு இருக்கா" என்று உருகுகிறார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தேன். அந்த இடம் வந்தது.

கை வெள்ளையாக இருந்தது.

அது எங்கள் அக்கா கை, ஏன் மாற்றினீர்கள் என்று எழுதினேன். "பழைய டேப்ல கலர் மிஸ்டேக் சிஸ்டர், சரி பண்ணிட்டோம்" என்று பதில். கூடவே ஒரு சிரிக்கிற மூஞ்சி. மிஸ்டேக்காம்! அன்றைக்கு அப்பியதைக் கால்வாய்த் தண்ணீராவது கழுவிவிட்டது. இவர்கள் அப்பியதை எந்தத் தண்ணீரில் போய்க் கழுவ?

அக்கா மகள் சூசூவுக்குத் தமிழ் புரியும், பேச்செல்லாம் பர்மிய மொழிதான். அவள்தான் விஷயம் தெரியாமல் அம்மாவிடம் போனை நீட்டினாள். அக்கா அந்த இடத்தைத் திரும்பத் திரும்பத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள்.

"இது என் கை இல்லடி."

"அப்ப நீங்க எந்த இடத்துல வர்றீங்க மேமே?" என்று அம்மாவைக் கேட்டாள் சூசூ.

அக்கா ஃபேக்டரி பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று எழுந்து போய்விட்டாள்.

நண்பர்களே, உங்களில் யார் வீட்டுப் பரணிலாவது அந்தப் பழைய டேப் கிடந்தால், பூஞ்சை பிடித்திருந்தாலும் சரி, தூக்கிப் போட்டுவிடாதீர்கள். எனக்குச் சொல்லுங்கள், நானே வந்து வாங்கிக்கொள்கிறேன். சூசூ கேட்டதற்குப் பதில் அதில் மட்டும்தான் இருக்கிறது.