ஹபீபுல்லா அண்ணன் வாங்கிய ஜன்னல் கதவுகள்

கொத்தமங்கலம் போகும் டவுன் பஸ்ஸில் இருந்தபோது என் மனைவியிடமிருந்து அழைப்பு வந்தது. “நம்ம ஹபீபுல்லா அண்ணன் தவறிட்டாகளாம்.” அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, காரைக்குடிக்குத் திரும்பும் பேருந்துக்காக நின்றேன்.

ஹபீபுல்லா அண்ணன் எங்கள் பணிமனையில் டைம் கீப்பர். நான் அப்போது அங்கே நடத்துநர். வண்டி தாமதமாக வந்தால் எரிந்து விழமாட்டார். “லேட்டுன்னு எழுதத்தான் போறேன். முதல்ல டீயக் குடி தம்பி, என்னாச்சுன்னு சொல்லு” என்பார். கைக்குட்டையைக்கூட இஸ்திரி போட்டு வைத்திருப்பார். தெருவில் ஒருவர் தம்மைப் பற்றி ஒரு சொல் தவறாகச் சொன்னாலும் இரண்டு நாள் சாப்பாடு இறங்காது அவருக்கு.

ஓய்வு பெற்ற சில வருடங்களில் அவர் மனைவி மைமூன் மதினிக்கு மறதி நோய் வந்தது. வெள்ளைத் துப்பட்டி போர்த்தாமல் வாசல்படி தாண்டாதவர்கள் மதினி. உடை விலகியது தெரியாமல் தெரு ஜன்னலில் நிற்க ஆரம்பித்தார்கள். ஒரு நாள் அதை யாரோ கைபேசியில் படம் பிடித்துவிட்டார்கள். என் கைபேசிக்கும் வந்தது. பார்த்த கண்ணைக் கழுவ முடியவில்லை. அனுப்பியவனிடம் சண்டை போட்டேன். “சும்மா தமாசுக்குண்ணே” என்றான். அவனும் தெரிந்த வீட்டுப் பிள்ளைதான்.

அன்றே அண்ணன் பிளைவுட் பலகை வாங்கிவந்து அந்த ஜன்னலை உள்ளிருந்து ஆணியடித்து மூடினார்.

ஒரு வாரம் கழித்து என் வீட்டுக்கு வந்தார். சட்டை கசங்கியிருந்தது. “கடைக்கு வாரியா தம்பி? எதுக்குன்னு கடைக்காரக கேப்பாக. எனக்கு வாய் வராது.”

பழைய சாமான் கடைகள் இருக்கும் தெருவுக்குப் போனோம். இடித்த வீடுகளிலிருந்து வந்த தேக்கு ஜன்னல் கதவுகள் சுவரோரம் சாய்ந்திருந்தன. கடைக்காரர் முதலில் திரைச்சீலை போதுமே என்றார். மதினி அதை இழுத்துப் பிய்த்துவிடுவார்கள். கறுப்புக் கண்ணாடி என்றார். உள்ளே விளக்குப் போட்டால் வெளியே எல்லாம் தெரியும் என்றேன் நான்.

“எதுக்குங்க, வெயிலுக்கா, தூசிக்கா? சொன்னாத்தான எடுத்துக் காட்ட முடியும்?”

அண்ணன் தரையைப் பார்த்தபடி சொன்னார். “எங்க வீட்டுல அவுக வெளியே பாக்கணும். அவுகளை யாரும் பாக்கக் கூடாது.”

கடைக்காரர் எழுந்து உள்ளே போனார். பின்கட்டிலிருந்து ஒரு ஜோடிக் கதவை எடுத்துவந்தார். கீழ்ப்பாதி முழுப்பலகை. மேல்பாதியில் சாய்வுப் பட்டைகள். நடுக்குச்சியை அசைத்தால் பட்டைகள் எல்லாம் ஒன்றாகத் திறந்து மூடும். அண்ணன் அதன் பின்னால் போய் நின்றார்.

“தம்பி, என்ன தெரியுது?”

“கண்ணு மட்டும்தான்ணே.”

“துப்பட்டி போட்டுப் போனப்பவும் கண்ணு தெரியத்தான செஞ்சுச்சு” என்றவர், அங்கிருந்து வெளியே வரவில்லை. பட்டைகளுக்கு அந்தப் பக்கமிருந்தே பேசினார். “ஒரு வாரமா இருட்டுல உக்காந்து ‘இன்னும் விடியலையா, இன்னும் விடியலையா’ன்னு கேக்குறா. அவ மானத்துக்குன்னு சொல்லித்தான் அடைச்சேன். அவளுக்குத்தான் ஒண்ணுமே தெரியாதே தம்பி. எனக்குத் தெருவுல நடக்க வெக்கமா இருந்துச்சு. அதுக்குத்தான் அடைச்சேன்.”

நானும் கடைக்காரரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

மறுநாள் பலகையைப் பிடுங்கிக் கதவுகளை மாட்டினோம். பட்டைகளைத் திறந்ததும் மதினி முகத்தைக் கிட்டே கொண்டுபோய்த் தெருவைப் பார்த்தார்கள். “விடிஞ்சிருச்சு” என்றார்கள். அண்ணன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அதற்குப் பிறகு நான் போகும்போதெல்லாம் மதினியின் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருப்பார். போகிறவர் வருகிறவர் பெயரை எல்லாம் மதினிக்குச் சொல்லிக்கொண்டிருப்பார். அந்தப் படத்தைப் பார்த்துச் சிரித்தவர்களின் பெயரையும் அதே குரலில்தான் சொன்னார்.

நேற்று ஜனாஸா புறப்பட்டபோது தெரு நிறைய ஆட்கள். படம் எடுத்தவர்களும் இருந்திருப்பார்கள். தோள் கொடுத்திருப்பார்கள். நான் ஜன்னலுக்குக் கீழே நின்றிருந்தேன். உள்ளேயிருந்து மதினியின் குரல் கேட்டது.

“யாரு மவுத்து?”

பக்கத்தில் நின்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

“நல்ல மனுசராக்கும், இம்புட்டுச் சனம் வந்திருக்கே” என்றார்கள் மதினி.

“ஆமா மதினி. ரொம்ப நல்ல மனுசர்.”

“முன்னால போய்க்கிட்டு இருங்க. எங்க வீட்டுக்காரக டூட்டி முடிஞ்சு வந்ததும், துட்டி கேக்க நாங்களும் வாரோம்.”

போய் வாருங்கள் அண்ணே.