தென்னைமரத்துக் குழாய்

பி.ஏ. பரீட்சைக்கு நான்கு நாள்தான் இருக்கிறது. படிக்கலாமென்று காரைக்கால் வீட்டுக்கு வந்தால், எதிரே காசிம் மாமா வீட்டில் கல்யாணம்! தென்னைமரத்தில் கட்டிய ஒலிபெருக்கிக் குழாய் நேரே என் ஜன்னலைப் பார்த்து கிராமபோன் பாட்டாக அலறியது.

இன்று காலை போய்ச் சொல்லிவிட்டேன்.

"முன்னாடியே சொல்லக் கூடாதா தம்பி?" என்று மாமா பதறிப்போய், ஆளை மரமேற்றிக் குழாயை மேற்கே திருப்பவைத்தார்.

அரைமணியில் மேலத்தெருவிலிருந்து என் வகுப்புத் தோழன் முருகையன் புத்தகங்களோடு வந்து நின்றான்.

"அங்க காது கிழியுதுடா. இங்கயே படிச்சுக்கிறேன்."

மதியம் மாமாவே பலர் சேர்ந்து சாப்பிடும் பெரிய சகன் தட்டில் நெய்ச்சோறும் கறியும் கொண்டுவந்தார்.

"படிக்கிற புள்ளைங்களுக்குத் தொந்தரவு கொடுத்துட்டோம். வயிறார சாப்பிடுங்க."

ஒரே தட்டில் இருவரும் சாப்பிட்டோம்.

குழாய் இன்னும் மேற்கேதான் பாடுகிறது. இங்கே பாயில் முருகையனின் குறட்டை. இவனை எந்தப் பக்கம் திருப்புவது, சொல்லுங்கள்!