ஐஸ் அறையிலிருந்து மூன்று தட்டு

சத்தியமாக நடந்தது இது. கயிறு திரிக்கிறேன் என்று நினைப்பவர்கள் இப்போதே எழுந்து போகலாம், எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

துறைமுகத்து ஐஸ் ஃபேக்டரியில் எனக்கும் என் தம்பிக்கும் வேலை. அவனை எல்லோரும் வாலு என்றுதான் கூப்பிடுவார்கள். ஐஸ் அறையின் கதவு ஒரு சாண் கனம். உள்ளே தொண்டை கிழியக் கத்தினாலும் வெளியே கேட்காது. அதனால் ஒரு பழக்கம் வைத்திருந்தோம். உள்ளே மாட்டிக்கொண்டவன் கதவை மூன்று முறை தட்டுவான். வெளியே இருப்பவன் மூன்று முறை பதில் தட்டுவான். இதில் மட்டும் யாரும் விளையாட மாட்டார்கள், வாலுகூட.

அன்று மாலை 4.10. தம்பி உள்ளே இருந்தான். பூமி ஆட ஆரம்பித்தது. ஐந்து நிமிடம் ஆடியது! நிற்க முடியாமல் தவழ்ந்தேன். அடங்கியபோது கதவு நிலை கோணிப்போய், கதவு இறுகிக் கிடந்தது.

டக்... டக்... டக்.

உயிரோடு இருக்கிறான்! பதில் தட்டினேன். கடப்பாரையால் நெம்பினேன். அசையவில்லை.

வாசலில் மேஸ்திரி. "டேய், கடல் உள்வாங்கிடுச்சுடா! படகெல்லாம் சேத்துல கிடக்கு. ஓடி வா!"

"தம்பி உள்ள இருக்கான் அண்ணே!"

"ஐயோ..." ஓடி வந்து அவரும் கை கொடுத்தார். கதவு அசையவில்லை. அழுதுகொண்டே ஓடிவிட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், அவருக்கும் பிள்ளைகுட்டி இருக்கிறது.

டக்... டக்... டக்.

"பொறுடா... வந்துட்டேன்டா..."

கடல் பக்கமிருந்து இரைச்சல். நூறு லாரி ஒன்றாக வருவது போல.

தட்டும் சத்தம் நின்றது. நான் தட்டினேன். பதில் இல்லை.

டக்... டக்... டக்.

மேலே. மாடிப்படியில்!

ஐஸ் அறைக் கூரையில் ஆள் நுழையும் திறப்பு ஒன்று உண்டு. அது வழியாக ஏறிவிட்டான். அப்பாடா! ஓடினேன். நான் ஏற ஏறச் சத்தமும் ஏறியது.

"டேய், நில்லுடா!"

நிற்கவில்லை.

மொட்டைமாடி.

யாரும் இல்லை...

கீழே கடல் வந்தது.

இரவு முழுக்க அலை வந்து வந்து போனது. படிக்கட்டைக் காணோம். மறுநாள் படகில் வந்தவர்கள், "உள்ள யாராச்சும் இருக்காங்களா?" என்று கேட்டார்கள். இல்லை என்றேன். தம்பி எனக்கு முன்னாலேயே ஏறினான், அலைதான் இழுத்துப் போயிருக்கும், தேடுங்கள் என்று காலில் விழுந்தேன். கரையெல்லாம் சல்லடை போட்டுத் தேடினார்கள்.

மூன்றாம் நாள் சாயங்காலம்தான் அந்தக் கதவை அறுத்தார்கள். கூரைத் திறப்பு வெளித்தாழ் போட்டபடியே இருந்தது. உள்ளே தண்ணீர் கணுக்கால் அளவுகூட இல்லை. தம்பி கதவோடு சாய்ந்து கிடந்தான். விரல் முட்டிகளில் தோலே இல்லை.

"தெய்வம்தான்டா உன்னை மேல கூட்டிட்டுப் போச்சு" என்கிறாள் அம்மா. என்ன எழவு தெய்வம் அது!

கதவை அறுத்த அன்று காலை வரை அவனுக்கு உயிர் இருந்திருக்கிறது என்றார் டாக்டர்.