குதிரை லாயத்துப் பிரபு

“முதல் கட்டினவன் ஒரு கப்பல் முதலாளி” என்று சிவானந்தன் தொடங்கினால், ஸைத்தின் மரக்கறிக் கடையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருப்பவர்கள் பையைத் தூக்கிக்கொண்டு நகர்ந்துவிடுவார்கள். கடையை விட்டு ஓட முடியாத ஸைத் மட்டும் தராசைப் பார்த்தபடி, “சொல்லுங்க ஐயா” என்பார்.

இங்கிலாந்தின் நாட்டுப்புறத்தில் நிற்கிறது அந்த மாளிகை. கப்பல் முதலாளிக்குப் பிறகு அது ஒரு பிரபுவின் கைக்குப் போய், பள்ளிக்கூடமாகி, போர்க்காலத்தில் ஆஸ்பத்திரியாகி, கடைசியில் ஒரு கொம்பனியால் துண்டுதுண்டாக விற்கப்பட்டது. “இப்ப அது என்ரை மகன் ராகுலன்ரை” என்று சிவானந்தன் முடிப்பார். ராகுலன் வாங்கியது பின்பக்கத்துக் குதிரை லாயத்தைத் திருத்திக் கட்டிய இரண்டே அறைகள். அந்தச் சங்கதி மட்டும் கதையில் வராது.

அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்தராத்திரியில் குடை பிடிப்பானாம். சிவானந்தன் கொழும்பு வெள்ளவத்தை வெயிலில் கம்பளித் தொப்பி போட்டுப் பழகுகிறார். ரயில் போகும்போதெல்லாம் கண்ணாடி அதிர்கிற பல்கனிக்கு ‘மேற்கு விறாந்தை’ என்று பேர் வைத்திருக்கிறார். காலமெல்லாம் வேலை பார்த்த கந்தோரின் கன்ரீனில் கிளாஸில் தேத்தண்ணி குடித்த மனுஷன், இப்போது கோப்பைக்குக் கீழே தட்டு வைத்துத் தந்தால்தான் வாயில் வைக்கிறார். “ஒரு ஒழுங்கு வேணுமெல்லே” என்பார். தட்டைக் கழுவுவது மனைவி அன்னபாக்கியம்.

இத்தனைக்கும் இந்த வெள்ளவத்தை வீடுகூட அவருடையதல்ல. அன்னபாக்கியத்தின் தகப்பன் அவளுக்குச் சீதனமாக எழுதிக் கொடுத்தது. வருகிறவர்களுக்கெல்லாம் “என்ரை பிளாட்” என்றே காட்டிவந்திருக்கிறார். வெட்கம் மருந்துக்கும் கிடையாது. இப்போது மாளிகையின் முன்பக்கத்தில் ஒரு பகுதி விலைக்கு வந்திருக்கிறது. வெள்ளவத்தையை விற்று அதை வாங்கி, அங்கே போய் இருக்கவேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறார். புதிய வீடு யார் பேரில் என்று அன்னபாக்கியம் ஒருநாள் கேட்டாள். “என்ரை பேரிலைதான். லோர்ட் நான்தானே” என்றார். அவள் கையெழுத்து வைத்தால் காரியம் முடிந்தது. வைத்தபின் அவளுக்கென்று ஒரு செங்கல்லும் மிஞ்சாது.

நேற்றுக் காலை கோர்ட்டுகள் இருக்கும் புதுக்கடையிலிருந்து நொத்தாரிசு ஷெரோமி விற்பனை உறுதிப் பத்திரத்தோடு வீட்டுக்கே வந்தார். சிவானந்தன் மனைவியின் கையில் பேனாவைக் கொடுத்தார். கொடுத்துவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். புது ஆள் ஒருவர் கதை கேட்கக் கிடைத்தால் அவருக்கு நாக்கு நிற்காது.

“அந்தப் பிரபு ஒரு மொக்கன், பிள்ளை” என்றார் ஷெரோமியிடம். “பொஞ்சாதியின்ரை சீதனக் காணியளை வித்துத்தான் மாளிகையை வாங்கினவன். பேந்து அதையும் சூதாடித் துலைச்சுப்போட்டான்.”

அன்னபாக்கியம் நிமிர்ந்தாள். “விக்கேக்கை அவ கையெழுத்து வைச்சவவோ?”

“வைக்காமல்? புருஷன் சொன்னால் வைக்கத்தானே வேணும்.”

“பேந்து அந்த மனிசி எங்கை இருந்தவ?”

அடுத்தவன் வீடு கெட்ட கதையென்றால் சிவானந்தன் ஒன்றையும் விடாமல் சொல்லுவார். “பாவம், புது முதலாளி இரங்கி இடம் குடுத்தவன். பின்பக்கம், குதிரை லாயத்திலை...”

சொல்லி வாய் மூடுமுன் அவர் முகம் கறுத்துவிட்டது.

அன்னபாக்கியம் பேனாவை மூடி, அதைக் கணவனின் சட்டைப் பையில் செருகிவிட்டுக் குசினிக்குப் போனாள். ஷெரோமிக்குத் தேநீர்க் கோப்பை தட்டோடு வந்தது. நம்முடைய பிரபுவின் கையில் தட்டில்லாத கோப்பையை வைத்தாள்.