பேஸ்மென்ட் சுவரின் ஈரம்

எண்பதுகளின் பிற்பகுதியில், அமெரிக்காவில் பிஸ்கட்டவே என்ற ஊரில் ஒரு மனிதரைப் பழிவாங்க வேண்டும் என்று நான் தவமாய்த் தவமிருந்தேன். ஆபீசுக்கு என் காரில் கூட வரும் நண்பர்தான். அவர் பையனும் என் பெண்ணும் ஒரே வகுப்பு. அப்ளை பண்ணியதும் அதே இரண்டு தனியார் கல்லூரிகளுக்கு.

என் பெண்ணுக்கு இரண்டிலும் இடம் கிடைத்தது. அவளுக்குப் பிடிக்காத கல்லூரி உதவித்தொகையை அள்ளிக் கொடுத்தது. உயிராய் ஆசைப்பட்ட கல்லூரி கொடுத்ததோ புத்தகம் வாங்கக் காணாது. அதே அப்பன், அதே சம்பளம், இரண்டுக்கும் போனது அதே படிவம். ஏன் இப்படி என்று ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவரும் சனிக்கிழமை பாட்லக் விருந்தில் நான் புலம்ப, நண்பர் புளியோதரையைப் பிசைந்தபடி எல்லோர் முன்னாலும் விளக்கினார்.

"இதுல என்ன சார் புரியல? வேணும்னா காசு குடுத்துக் கூப்பிடுவான். வேண்டாம்னா இப்படித்தான் குடுப்பான். அதே காலேஜ்ல எங்களுக்கு நல்லாவே குடுத்திருக்கான்."

என் பெண் தட்டை வைத்துவிட்டுப் போய்க் காரில் உட்கார்ந்துகொண்டாள். அன்று வைத்தேன் வன்மம்.

திங்கட்கிழமை அவள் ஆசைப்பட்ட கல்லூரிக்கு போன் போட்டேன். உதவித்தொகைப் பிரிவுப் பெண்மணி பொறுமையாகச் சொன்னார்: ஒவ்வொரு கல்லூரியும் படிவத்தைத் தன் போக்கில் படிக்கும். உங்களுக்கு அள்ளிக் கொடுத்த கல்லூரி, வீட்டின் மதிப்பை லேசாகத்தான் பார்க்கும். நாங்கள் முழுசாகக் கணக்கில் எடுப்போம். உங்களுடையது பெரிய மாளிகை போலிருக்கிறதே!

மாளிகை எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். அந்தப் படிவங்களை நானும் நண்பரும் அவர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் சேர்ந்து உட்கார்ந்துதான் நிரப்பினோம். சம்பளத்துக்கு வரிக் காகிதம் இருந்ததால் அங்கே வாலாட்ட முடியவில்லை. வீட்டு விலை வந்ததும் அவர் எழுதியதை எட்டிப் பார்த்தேன். என் வீடு மட்டும் இளப்பமா? ஒரு படி கூட்டி எழுதினேன். அவர் அழித்துத் திருத்தினார். நானும் ரப்பரைக் கேட்டேன். ரப்பர் மேசையின் குறுக்கே போய்வந்துகொண்டே இருந்தது. கடைசியில் ஜெயித்தது அவர்தான்.

விலை தவறென்றால் ஆதாரம் அனுப்பச் சொன்னார் அந்தப் பெண்மணி. வீடு மதிப்பிடுபவரை வரவழைத்து, விருந்தாளி யாருக்கும் காட்டாத பேஸ்மென்ட்டைத் திறந்துவிட்டேன். ஈரச் சுவரை மறைத்திருந்த முருகன் காலண்டரைக் கழற்றினேன். கூரை ஒழுகும் இடத்தைப் பெருமையோடு காட்டினேன். நான் போட்டோ எடுக்கும் வேகத்தைப் பார்த்து, "அப்பா, யூ ஆர் என்ஜாயிங் திஸ்" என்றாள் பெண்.

கல்லூரி தொகையை உயர்த்தியது. அவள் கிளம்பிப் போனாள்.

நண்பரின் பையன் மற்ற கல்லூரிக்குப் போனான். பையனுக்கு உங்கள் பெண் போன காலேஜ் பிடிக்கவில்லை சார் என்றார் அவர், கார் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு. 'நல்லாவே' எவ்வளவு நல்லா என்று எனக்குப் புரிந்தது. வீட்டு விலையைத் திருத்துங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் சாலையைப் பார்த்து ஓட்டினேன்.

சில வருடம் கழித்து அவருடைய இளைய மகளின் முறை வந்தது. படிவம் நிரப்பும் நாளில், துணைக்கு நானே வலியப் போய் உட்கார்ந்தேன்.

"இந்த ஏரியாவுல உங்க வீடு மாதிரி வராது சார். வெல இப்ப எங்கயோ போயிருக்கும்."

"அப்படியா சொல்றீங்க?" என்று முகம் மலர்ந்து பென்சிலை எடுத்தார்.

நான் ரப்பரை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.